ஆடிக்குள் விற்க வேண்டிய வீடு

கார்த்திகை மழை வெறித்து, கடல் கக்கிய குப்பையெல்லாம் கரையில் கிடக்கிற நாட்களில், சங்குமேட்டுக் குப்பத்தில் வீடுகள் ஒதுங்கும். சொறிமீன் ஒதுங்குகிற மாதிரி, அறுந்த வலை ஒதுங்குகிற மாதிரி, மாடியும் பால்கனியும் டைல்ஸ் தரையும் சுவிட்ச் போர்டுமாக முழு வீடு, வாசல் கதவில் சாவி தொங்க, ஜன்னல் வழியே தண்ணீர் வடிய, மணலில் கொஞ்சம் சாய்ந்தாற்போல வந்து உட்கார்ந்திருக்கும். முதல் தடவை ஒதுங்கியபோது குப்பத்துச் சனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், உள்ளே போய் வாளியால் தண்ணீரை இறைத்தார்கள், குளியல் தொட்டியில் மாட்டியிருந்த மடவை மீனைப் பிடித்துக் குழம்பு வைத்தார்கள். சமையலறை இழுப்பறையில் பத்திரம் நனைந்து கிடந்தது. அதை நெத்திலிக்குப் பக்கத்தில் காயப்போட்டார்கள், காய்ந்ததும் கருவாட்டு வாடையோடு அது எல்லா ஆபீசிலும் செல்லுபடியானது. எங்கிருந்து வருகிறது என்று கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் புரோக்கர் ஏகாம்பரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான், அதற்குப் பிறகு எல்லோரும் கேட்டது யார் வாங்குவார்கள் என்பதைத்தான்.

வாங்குகிறவர்கள் மாதம் பார்த்துத்தான் வருவார்கள். மார்கழியில் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், வீடு காயட்டும் என்று விட்டுவிடலாம். தை பிறந்ததும் ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து மண் பாதைக்குள் கார் காராகத் திரும்பும். மாசியிலும் பங்குனியிலும் பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், போன் நம்பரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சித்திரை வைகாசியில் பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் மணலில் ஓட, அப்பாக்காரர் மொட்டை மாடியில் நின்று கடலைப் பார்த்து மூச்சை இழுத்துவிட, அந்த ஒரு மூச்சிலேயே வியாபாரம் முடிந்துவிடும். ஆனியில் ஆசை வடியும். ஆடியில் யாரும் வீடு வாங்குவதில்லை. ஆடி ஒன்றாம் தேதி, கன்னியம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் பம்பை அடிக்க ஆரம்பிக்கும்போது, விற்காத வீட்டைக் கடல் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன. முதல் வருஷம் விற்காமல் நின்ற வீடு பட்டப்பகலில், எல்லோரும் கூழ்ச் சட்டியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது, படகு தள்ளுகிற மாதிரி மெதுவாக நகர்ந்து தண்ணீருக்குள் இறங்கியது; அதற்குப் பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பாளையமும் அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அந்த வீட்டின் ஜன்னல்களில் நின்றிருந்தார்கள். எப்போது உள்ளே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் கத்தவில்லை. கண்ணாடிக்குப் பின்னால், பஸ்ஸில் போகிறவர்கள் ரோட்டைப் பார்ப்பது மாதிரி, கரையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அடுத்த கார்த்திகையில் அதே வீடு திரும்ப ஒதுங்கியது, உள்ளே ஒருத்தரும் இல்லை, ஆனால் சமையலறைச் சுவரில் புதுசாக எண்ணெய் தெறித்திருந்தது, வருஷம் முழுக்க யாரோ அங்கே தாளித்திருந்த மாதிரி.

அதை யாரும் துடைக்கவில்லை. வெள்ளையடித்து விற்றார்கள்.

அப்புறம்தான் பஞ்சாயத்து கூடி, வலை போடுவதற்கு முறை வைப்பது போல வீட்டுக்கும் முறை வைத்தது. ஒதுங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பம் பொறுப்பு. ஆடிக்குள் விற்றால் காசு அவர்களுக்கு, விற்காவிட்டால் கடலுக்குப் போவதும் அவர்கள்தான். முறை வந்த ஒரு குடும்பம் கடலூருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடிப் பார்த்தது, ஆடி பிறந்ததும் அவர்களும் ஜன்னலில்தான் நின்றார்கள். இன்னொரு விஷயமும் அனுபவத்தில் தெரிந்தது. வீட்டுக்குப் பத்திரம் கித்திரம் புரியாது. கையெழுத்து போட்டு, பதிவு செய்து, மாலை போட்டு போட்டோ எடுத்த வீடுகூட, பால் காய்ச்சாமல் விட்டால், போயே போனது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்தான் தனக்கு ஆள் வந்துவிட்டது என்று வீடு நம்பும்.

அப்படியென்றால் நாமே காய்ச்சிவிட்டால் என்ன என்று, முறை வந்திருந்த தனக்கோட்டி யோசித்தான், காய்ச்சினான், வீடு கரையில் நின்றது. ஆனால் ஆடி ஒன்றாம் தேதி அவனும் அவன் பெண்டாட்டியும் இல்லை. கடலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. தை பிறந்த காலையில் அதே கூடத்தில் அதே பாயில் உட்கார்ந்துகொண்டு, நேற்று வைத்த கொழம்பு எங்கே என்று கேட்டார்கள். விடுமுறை வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சீசனுக்கு மட்டும்தான் வருவார்கள், மற்ற மாதங்களில் அங்கே இருக்க மாட்டார்கள், அதுதான் அந்த வீடுகளுக்குத் தெரிந்த வழக்கம். பட்டணத்துக்காரர்களுக்குப் போய் இருக்க வேறு வீடு இருக்கிறது. தனக்கோட்டிக்கு வேறு எங்கும் எதுவும் இல்லை, அதனால் அவன் எங்கேயும் இல்லை. பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்த அவன் மகளுக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, அம்மாக்காரிக்கு இன்னும் கருகருவென்று முடி. வேறு யாராவது வாங்கிப் பால் காய்ச்சினால் விடுபடலாம் என்று ஏகாம்பரம் சொல்கிறான். அந்த வீட்டின் சுவரில் விரிசல், யாரும் வாங்கவில்லை.

இதெல்லாம் மோனிஷாவுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அந்தக் குப்பத்தில் பிள்ளைகள் அம்மா அப்பா சொல்லப் பழகும்போதே சீ வியூ சொல்லப் பழகிவிடும். ஆம்பிளைகள் ஷூ போட்டு நடக்கக் கற்றுக்கொண்டார்கள், பொம்பளைகள் ஈசானி மூலை எது அக்கினி மூலை எது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள், தை வந்துவிட்டால் கருவாட்டையெல்லாம் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு எல்லா வாசலிலும் சாம்பிராணி போடுவார்கள், சிரிப்பார்கள், சிரித்துச் சிரித்து வாய் வலித்துப் போய் ஆடியில்தான் மூடுவார்கள். போன கார்த்திகையில் முறை மோனிஷா வீட்டுக்கு வந்தது. அவள் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டாள். பார்ட்டியோடு பேச வீட்டில் ஆள் வேண்டும் என்று சொன்னார்கள்; உண்மை என்னவென்றால் அவளுக்கும் அந்தப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை.

அவர்களுக்கு வாய்த்தது தெற்கு வாசல் வீடு. மாடிப்படி ஈசானி மூலையில். பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே திசை காட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பாமல் உள்ளே வந்தவர்களை மோனிஷா திருப்பி அனுப்பினாள். அவளுக்குப் பொய் வராது. ஏசி வேலை செய்யுமா என்று கேட்டால், "செய்யும் மேடம், ஆனா மீன் வாடை அடிக்கும்" என்பாள். தண்ணி நல்ல தண்ணியா என்று கேட்டால், "உப்பு. சோப்பு நுரைக்காது" என்பாள்.

"நீ வாயத் தொறந்தா காரு தானா ரிவர்ஸ் எடுக்குதுடி," என்பான் ஏகாம்பரம். "உன்ன ஊமைன்னு சொல்லி வித்திருந்தாக்கூட இந்நேரம் வூடு போயிருக்கும்."

"கேட்டாங்க, சொன்னேன். நீ ஏன் கேக்கறவனையே கூட்டினு வர?"

அவள் அப்பா அஞ்சாப்புலி எழுந்து படகைப் பார்க்கப் போய்விடுவார். அம்மா பச்சையம்மா மட்டும், "அந்த வாய வச்சினு நீ எங்கதான் பொழைக்கப் போறியோ" என்பாள், அது திட்டு மாதிரியும் இருக்காது.

வைகாசி போனது. அந்த வருஷம் ஒதுங்கிய மற்ற வீடுகளெல்லாம் விற்று, எல்லாவற்றிலும் பால் பொங்கி, பூட்டும் தொங்கிவிட்டது. ஆனி வந்தது, மேலைக்காற்று மணலை வாரி இறைத்தது, ரோட்டில் கார் குறைந்தது. தெற்கு வாசல் வீட்டின் தரை தானாக ஈரமாக ஆரம்பித்தது. துடைத்தால் காய்ந்து, ஆள் திரும்புவதற்குள் மறுபடி நனைந்தது. ஒருநாள் காலையில் மோனிஷா வெளியே பெருக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா முறத்தில் சென்னாக்குன்னி இறால் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மாடி ஜன்னலில் அம்மா நின்றிருந்தாள்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அம்மா புடைத்துக்கொண்டுதான் இருந்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். அங்கேயும் அம்மா, பஸ்ஸில் போகிறவள் மாதிரி.

"இன்னாடி பேயறைஞ்சவ மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் மோனிஷா. அவள் சொன்ன முதல் பொய் அது, அதுவும் சரியாக வரவில்லை. பச்சையம்மா மேலே பார்த்தாள், பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முறத்தை எடுத்தாள். அதற்கப்புறம் அப்பாவும் ஒரு ஜன்னலில் வந்தார். மோனிஷா தன்னைத் தேடிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். குப்பத்துக்காரர்கள் அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். வந்தாலும் குனிந்துகொண்டே போனார்கள். முறை வந்த குடும்பத்திடம் அந்த நாட்களில் யாரும் கடன் கேட்பதில்லை, சண்டை போடுவதில்லை, குழம்பு கொடுத்த கிண்ணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் விட அவளை நடுங்க வைத்தது.

ஆனி முடிய கொஞ்ச நாள் இருக்கும்போது ஏகாம்பரம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான், பின்னால் ஒரு பழைய கார். வில்லிவாக்கத்திலிருந்து தணிகாசலம் என்றொருவர், மின்சார வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், கூட அவர் மனைவி சகுந்தலா.

"தெற்கு வாசல்ங்க," என்றாள் மோனிஷா எடுத்தவுடனே. ஏகாம்பரம் பல்லைக் கடித்தான்.

"இருக்கட்டுமே. காத்து வரும்," என்றார் தணிகாசலம். "எனக்கு ராகு காலம், எமகண்டம், ஆனி, ஆடி ஒண்ணும் கிடையாதும்மா. முப்பது வருஷமா அமாவாசையிலயும் முடி வெட்டிக்கிறவன் நான்."

"அதான் தலையில ஒண்ணும் மிச்சமில்ல," என்றாள் சகுந்தலா.

தண்ணி உப்பு என்றாள் மோனிஷா. அவர் உடம்புக்கு நல்லது என்றார். மீன் வாடை என்றாள். சகுந்தலா, எனக்கு மூக்கே அடைப்பு கண்ணு என்றாள். ஒரு மணி நேரத்தில் பேசி முடித்தார்கள். அவர்களே சொன்னார்கள், நல்ல நாள் எல்லாம் பார்க்கப் போவதில்லை, இப்போதே பால் காய்ச்சிவிடலாம், பாலும் அடுப்பும் வண்டியில் இருக்கிறது என்று. அஞ்சாப்புலி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பச்சையம்மா ஓடிப்போய் சமையலறையில் கோலம் போட்டாள், ஈரத்தில் மாவு கரையக் கரைய மேலேயே போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் குப்பமே வந்து நின்றது.

சகுந்தலா புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் தடவிப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். "பின்னாலயே லாரி வந்துட்டிருக்கு," என்றாள் பச்சையம்மாவிடம். "இன்னிக்கே காலி பண்ணணும்னு கட்டில், பீரோ, எல்லாத்தையும் ஏத்திட்டோம். வில்லிவாக்கம் ஃபிளாட்டை வித்துத்தானே இதையே வாங்கறோம். பையன் வெளிநாட்டுல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான், நாங்க எடுக்கலன்னா துடிச்சுப் போயிடுவான். இனிமே எங்களுக்கு இதான் வீடு, வேற போக்கிடம் இல்ல."

பச்சையம்மா கையிலிருந்த கோலமாவு அப்படியே நின்றது. அஞ்சாப்புலி ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் மோனிஷாவின் முழங்கையைக் கிள்ளி, காதுக்குள், "வாயத் தொறந்த, உன் ஆயி அப்பன நீயே கடல்ல தள்ளற மாதிரி" என்றான்.

"கண்ணு, பொங்கும்போது சொல்லு, நான் விளக்கேத்திட்டு வந்துடறேன்," என்று சகுந்தலா கூடத்துக்குப் போனாள்.

மோனிஷா பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் முத்து முத்தாக நுரை கட்டியது. ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் ஆறு மாதம், அவர்களுக்கு அது தெரியக்கூட தெரியாது, கண்ணை மூடித் திறக்கிற மாதிரிதான், வலிக்காது, தனக்கோட்டிக்கு வலித்ததா என்ன, கட்டிலில் படுத்திருப்பார்கள், தையில் எழுந்திருப்பார்கள், இடையில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதானே, அம்மா ஜன்னலில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல், சும்மா இரு, சும்மா இரு, சும்மா இரு என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். பால் கழுத்து வரைக்கும் ஏறியது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஐயா," என்று கூப்பிட்டாள். "இத வாங்காதீங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழகாகச் சொல்லத் தெரியவில்லை, முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். தணிகாசலம் முதலில் சிரித்தார், அப்புறம் கோபப்பட்டார். "அதிகமா குடுக்கற பார்ட்டி வேற வந்துட்டானா? அதுக்கு இப்படி ஒரு கதையா?" என்றார். மோனிஷா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து ஜன்னலைக் காட்டினாள். மேலே பச்சையம்மா நின்றிருந்தாள். கீழே, சகுந்தலாவின் தோளைத் தொட்டபடி, பச்சையம்மா நின்றிருந்தாள்.

சகுந்தலா போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் தணிகாசலமும் போனார், அவருக்குச் சாவி துவாரம் அகப்படவில்லை. கார் திரும்பும்போது சகுந்தலா கண்ணாடியை இறக்கி, "நீங்கள்லாம் எங்கம்மா போவீங்க?" என்று கேட்டாள். மண் பாதை முனையில் லாரியும் அவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது, மேலே கட்டிலின் கால்கள் வானத்தைப் பார்த்தபடி.

அஞ்சாப்புலி மகளை அறைந்தார். "ரெண்டு பேருக்கு ஆறு மாசம் தூக்கம்! அவ்ளோதானடி! உன் ஆயிக்கு அதுகூட இல்லாம பண்ணிட்டியே!"

"அவங்க புள்ள போன் பண்ணா யாருப்பா எடுப்பாங்க?"

"எடுக்காட்டி போவட்டும்!"

"பாளையத்துக்குக்கூட ஒரு அண்ணன் இருந்தாரே. இன்னும் கரையில வந்து உக்காந்துனு கீறாரே. பாக்கறல்ல நீ?"

அவர் பார்த்திருந்தார். எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். அவர் மணலில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார்.

உள்ளே அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பச்சையம்மா அதே பாலைச் சுடவைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, வாணாம்மா. இன்னும் நாள் கீது. வேற யாராவது..."

"ஆனி கடைசில எவ வருவா? ஜன்னல்ல நிக்கறத விட சீசனுக்கு வந்துட்டுப் போறது மேல். மூணு பேரும் ஒண்ணாதான இருப்போம்," என்றாள் பச்சையம்மா. "ஆன ஆவட்டும். கொஞ்சம் தள்ளி நில்லு, மேல தெறிக்கும்."

பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது, ரொம்ப நல்ல சகுனம். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் குலவை போடவில்லை. தரை அந்த நிமிஷமே காய்ந்தது.

மிச்சமிருந்த நாட்களில் அவர்கள் ஊருக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். கோழிகளைப் பக்கத்து வீட்டு அமுலுவிடம் விட்டார்கள். அஞ்சாப்புலி படகைக் கவிழ்த்துப் போட்டு ஓலை மூடினார். ஆனியின் கடைசிச் சாயங்காலம் அமுலு நீளமான பின்னலை முன்னால் போட்டு நோண்டிக்கொண்டே, "பயமா கீதாடி?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றாள் மோனிஷா. "ரொம்ப."

ஆடி ஒன்றாம் தேதி காலையில் மூன்று பேரும் குளித்து, கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். பச்சையம்மா ஒரு கையில் புருஷன் கையையும் இன்னொரு கையில் மகள் கையையும் பிடித்துக்கொண்டாள். கன்னியம்மன் கோயிலில் பம்பை எடுக்கிற சத்தம் கேட்டது, தோலைக் காய்ச்சுகிறார்கள், இன்னும் அடிக்கவில்லை, ஒருவேளை ஒன்றுமே ஆகாதோ என்று மோனிஷா நினைத்தாள், பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து ஊற்றினாள், தண்ணீர் வாயில் விழுந்தது.

விழுங்கியபோது குளிர்ந்தது. ஜன்னலில் வாடைக்காற்று அடித்தது. வெளியே கரும்புச் சோகையை மாடு இழுத்துக்கொண்டு போனது, எங்கோ பொங்கல் பானை அடிப்பிடிக்கிற வாசனை, கரையில் இதுவரை பார்த்திராத வீடுகள் வரிசையாக உப்புப் பூத்து நின்றிருந்தன. அமுலு வாசலில் வந்து நின்றாள். பின்னலைக் காணோம், திருப்பதியில் மொட்டையடித்து முடி தேங்காய் நார் மாதிரி வளர்ந்திருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள், ஊருக்குப் போய்த் திரும்பியவர்களைக் கேட்கிற மாதிரி. கிட்டே வரவில்லை.

அம்மா இன்னும் கையை விடவில்லை. அந்தப் பிடி சூடாக இருந்தது. மோனிஷா உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள், ஆறு மாதத்தில் ஒரு கனவு, ஒரு இருட்டு, ஒரு சின்ன அரிப்பு, ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றுமே இல்லை. இனி ஒவ்வொரு வருஷமும் பாதியை யாரோ அவளிடமிருந்து வெட்டி எடுப்பார்கள், அவளுக்கு ரத்தம்கூட வராது.

மண் பாதையில் கார் ஒன்று திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தாள், தலையைக் கோதிக்கொண்டு, கால் மரத்திருப்பதைப் பொருட்படுத்தாமல் வாசலுக்குப் போனாள். காரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரு குட்டிப் பெண்ணும் இறங்கினார்கள். குட்டி கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடியது. அந்த மனிதர் மாடியை அண்ணாந்து பார்த்தார், மூச்சை இழுத்துவிட்டார், முகம் மலர்ந்தது. அம்மா பின்னால் வந்து நிற்பது மோனிஷாவுக்குத் தெரிந்தது, அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

"வீடு பிரமாதமா இருக்கே," என்றார் அவர். "விலைக்கா பாப்பா?"

"விலைக்குத்தான் சார்," என்றாள் மோனிஷா. "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு வேற வூடு இருக்குதா?"